மில்வாக்கி, 1993: ஒரு ஏரி கலங்கிய கதை

(நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.)

குழாயைத் திறந்தா தண்ணி லேசா கலங்கி வருது. என்ன செய்வோம்? "மேல மழை போல, ஏரியில புதுத்தண்ணி சேர்ந்திருக்கும்"னு சொல்லிட்டு, முதல் ரெண்டு குடத்தைக் கீழே ஊத்திட்டு, மூணாவது குடத்தைப் பிடிச்சு வைப்போம். கொஞ்ச நேரத்துல மண்டி அடியில தங்கிடும், மேல தெளிஞ்சிடும். அத்தோட அந்த விஷயத்தை மறந்துடுவோம்.

அப்படி மறந்துவிட முடியாமல் போன ஒரு ஊரின் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

1993 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கி நகரம். பனி உருகும் காலம், கூடவே மழை. ஏரித் தண்ணீர் கலங்கியது. அடுத்த சில வாரங்களில் அந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 4,03,000 பேருக்கு வயிற்றுப்போக்கு. அமெரிக்காவில் இதுவரை பதிவான குடிநீர்வழி நோய்ப்பரவல்களில் மிகப் பெரியது இதுதான்.

கவனிங்க. அது சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊர் கிடையாது. வடிகட்டி இருந்தது, குளோரின் இருந்தது, கலங்கலை அளக்கக் கருவி இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள். அன்றைய அரசு விதிமுறைகளின்படி பார்த்தால் அந்தத் தண்ணீர் பாஸ். பிறகு எப்படி?

எங்க ஓ.பி.க்கு வருகிறவர்கள் பலர் "டாக்டர், காய்ச்சல். ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்பார்கள். காய்ச்சல் தனி நோய் இல்லை, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிகுறி. அதை இறக்கிவிட்டு அனுப்பிவிட்டால், டெங்குவா டைஃபாய்டா என்பது தெரியாமலே போகும். தண்ணீரில் கலங்கலும் அப்படித்தான். மண் யாரையும் கொல்வதில்லை. மண்ணோடு சேர்ந்து என்ன வந்தது என்பதுதான் கேள்வி. மில்வாக்கியில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானது.

*

முதலில் அந்த ஏரியைப் பற்றி.

மிச்சிகன் ஏரியை நம்ம ஊர் ஏரி மாதிரி நினைக்காதீங்க. பரப்பளவு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதி. கரையில் நின்று பார்த்தால் அக்கரை தெரியாது, அலை அடிக்கும், கப்பல் போகும். உப்பில்லாத கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மில்வாக்கி நகருக்குள் மூன்று ஆறுகள் ஓடிவந்து ஒன்றுசேர்ந்து துறைமுகத்தில் அந்த ஏரியில் கலக்கின்றன. மில்வாக்கி ஆறு, மெனாமினி ஆறு, கினிக்கினிக் ஆறு. மேலே விவசாய நிலங்கள், மாட்டுப் பண்ணைகள். விஸ்கான்சின் என்றாலே அமெரிக்கர்களுக்குப் பாலும் சீஸும்தான் ஞாபகம் வரும். கீழே நகரம், தொழிற்சாலைகள், இறைச்சிக்கூடங்கள்.

19ஆம் நூற்றாண்டில் நகரம் வளர்ந்தபோது சாக்கடை நேராக ஆற்றுக்குப் போனது. ஆறு நாறியது. அதற்கு அன்றைய ஆட்கள் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? 1888இல் ஏரியிலிருந்து ஒரு சுரங்கம் வெட்டி, ஏரித் தண்ணீரை இறைத்து ஆற்றுக்குள் விட்டு, ஆற்றிலிருந்த அழுக்கைத் தள்ளிவிட்டார்கள். எங்கே தள்ளினார்கள்? ஆறு எங்கே போகிறதோ அங்கே. ஏரிக்கு. அந்த ஏரியிலிருந்துதான் ஊருக்கே குடிதண்ணீர்.

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று நாம் இன்றும் செய்வதைத்தான் அவர்கள் அன்று பெரிய அளவில் செய்தார்கள்.

பிறகு படிப்படியாகத் திருந்தினார்கள். 1925இல் துறைமுகத்தை ஒட்டி ஜோன்ஸ் ஐலண்ட் என்ற இடத்தில் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அங்கே கிடைத்த கசடைக் காயவைத்து உரமாக்கி விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். 1939இல் நகரின் வடக்கே லின்வுட் குடிநீர் நிலையம். 1962இல் தெற்கே ஹோவர்டு அவென்யூ குடிநீர் நிலையம். இரண்டும் ஏரித் தண்ணீரை எடுத்து, மண்ணைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் போட்டு ஊருக்கு அனுப்பின. எட்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்.

ஆக, ஒரே ஏரி. ஒரு பக்கம் ஆறும், சுத்திகரித்த கழிவுநீரும் வந்து விழுகின்றன. இன்னொரு பக்கம் குடிக்க எடுக்கிறோம். நடுவில் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள்: ஏரியின் அளவு, சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. மற்ற நாட்களில் இது போதும். மார்ச் 1993இல் போதவில்லை.

*

சரி, ஒரு ஏரி ஏன் கலங்கும்?

நோயாளி வந்தால் மருத்துவர் மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடும். இதுவா இருக்கலாம், அதுவா இருக்கலாம் என்று. கலங்கிய ஏரிக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு.

ஒன்று, வரத்துத் தண்ணீர். மேட்டில் பெய்த மழை வயல் மண்ணையும், கட்டடம் கட்டத் தோண்டிப்போட்ட மண்ணையும் அரித்துக்கொண்டு வருவது. பழுப்பாகவோ செம்மண் நிறத்திலோ இருக்கும்.

இரண்டு, காற்று. ஆழம் குறைந்த இடத்தில் பலமான காற்று அடித்தால் அலை அடிமண்ணைக் கிளறிவிடும். மழையே இல்லாமல் ஏரி கலங்கினால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

மூன்று, மீன். சாதாக் கெண்டை போன்ற மீன்கள் அடிச்சேற்றைத் துழாவி இரை தேடும். சின்னக் குளத்தில் இந்த மீன் பெருகினால் போதும், கரையோரச் செடிகள் வேர் பிடுங்கிப்போய், மண்ணைப் பிடித்துவைக்க ஆளில்லாமல், தண்ணீர் எப்போதும் கலங்கியே கிடக்கும்.

நான்கு, பாசி. இது மண் இல்லை, உயிர். பச்சையாகத் தெரியும். உரமும் சாக்கடையும் அதிகமாகச் சேர்வதன் விளைவு.

ஐந்து, நேரடிச் சாக்கடை. கருமை, நாற்றம். ஆனால் பெரிய ஏரியில் இது கலந்து நீர்த்துப்போய்விடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

இந்தப் பட்டியலில் உள்ள காரணங்கள் தனித்தனியாகத்தான் வரணும் என்று விதி எதுவும் இல்லை. ஒரே நோயாளிக்கு மலேரியாவும் ரத்தசோகையும் சேர்ந்து இருக்கிற மாதிரி, ஒன்று பளிச்சென்று தெரியும், அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும்.

மில்வாக்கியில் அதுதான் நடந்தது. குளிர்காலப் பனி உருகியது. மழையும் சேர்ந்தது. ஏற்கெனவே ஊறிப்போன நிலம் தண்ணீரை உறிஞ்சவில்லை. வயல் மண், மாட்டுச்சாணம், தெருக்குப்பை எல்லாம் ஆறுகளில் இறங்கின. நகரின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். பெருமழையில் அந்தக் குழாய் கொள்ளாமல் வழிந்து ஆற்றில் கலக்கும். இத்தனையும் துறைமுகம் வழியாக ஏரிக்கு வந்தன. துறைமுகத்துக்குத் தெற்கே இருந்தது ஹோவர்டு நிலையம் தண்ணீர் எடுக்கும் குழாயின் வாய். கலங்கல் அங்கே போய்ச் சேர்ந்தது.

பார்த்தவர்களுக்குத் தெரிந்தது முதல் காரணம் மட்டும்தான். வசந்தகாலம், பனி உருகுது, மண் வருது, வருஷா வருஷம் நடக்கிறதுதானே?

*

இப்போது கொஞ்சம் சமையலறை அறிவியல்.

நம்ம பாட்டிமார் கலங்கிய தண்ணீரை எப்படித் தெளிய வைத்தார்கள்? மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள். இல்லையென்றால் படிகாரத்தைத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றுவார்கள். ராத்திரி வச்சா காலையில பளிங்கு மாதிரி இருக்கும்.

இதன் பின்னால் இருப்பது மின்சார விளையாட்டு. நுண்ணிய களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. எதிர்மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும், படியாது. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் அந்த மின்னூட்டத்தை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டிக்கொள்ளும், கட்டியாகும், கனத்து அடியில் போகும். மிச்சத்தை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். உலகத்தின் பெரும்பாலான குடிநீர் நிலையங்கள் இன்றும் செய்வது இதைத்தான்.

முக்கியமான விஷயம்: இது சரியான அளவில் நடக்கணும். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அதற்கேற்ப மருந்து. ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று குழந்தைக்கு நாங்கள் கணக்குப் பார்ப்பதுபோல. சரியாகக் கட்டிதட்டாத துகள், மணலிலும் நிற்காமல் நழுவிப் போய்விடும்.

ஹோவர்டு நிலையத்தில் காலங்காலமாகப் படிகாரம்தான் போட்டுவந்தார்கள். 1992இல் அதை மாற்றி பாலி அலுமினியம் குளோரைடு என்ற வேறொரு வேதிப்பொருளுக்கு வந்தார்கள். அதற்கு நல்ல காரணமும் இருந்தது: படிகாரம் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டும், அது பழைய குழாய்களிலிருந்து ஈயத்தை அரிக்க உதவும். புது மருந்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஏரி மோசமாகக் கலங்கும்போது அதை எவ்வளவு போடணும் என்ற கை அனுபவம் அங்கே யாருக்கும் போதுமான அளவு இல்லை. முதல் பெரிய பரீட்சையே 1993 மார்ச்தான்.

கலங்கலை அளக்கும் அலகு என்.டி.யு. மார்ச் 23 வாக்கில் ஹோவர்டு நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரின் கலங்கல் ஏறத் தொடங்கியது. சாதாரண நாளில் 0.25க்குள் இருப்பது, மார்ச் 28ஆம் தேதியும் 30ஆம் தேதியும் 1.7ஐத் தொட்டது. ஏரித் தண்ணீர் இல்லைங்க, வடிகட்டி முடித்து வீட்டுக்குப் போகிற தண்ணீர். ஏப்ரல் 2ஆம் தேதி மறுபடியும் படிகாரத்துக்கே திரும்பினார்கள்.

அதற்குள் காரியம் நடந்துவிட்டது. பின்னால் விசாரித்தபோது இன்னும் சில விஷயங்கள் தெரிந்தன. வேதிப்பொருளின் அளவைச் சரிபார்க்க உதவும் ஒரு கருவி தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததால் பயன்பாட்டிலேயே இல்லை. வடிகட்டிய தண்ணீரின் கலங்கலைத் தொடர்ச்சியாகப் பார்க்காமல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்த்தார்கள். வடிகட்டியைக் கழுவிய அழுக்குத் தண்ணீரையும் வீணாக்காமல் மறுபடி உள்ளேயே விட்டார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்.

*

சரி, குளோரின் இருந்ததே? கிருமி போனாலும் குளோரின் கொன்றிருக்குமே?

இங்கேதான் நம்ம வில்லன் வருகிறான். கிரிப்டோஸ்போரிடியம்.

1907இல் எர்னஸ்ட் டைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளின் இரைப்பைச் சுரப்பிகளில் இதைக் கண்டார். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதன்பின் கிட்டத்தட்ட எழுபது வருஷம் இது கால்நடை மருத்துவர்களின் சமாச்சாரமாகவே இருந்தது. மனிதர்களுக்கும் வரும் என்று முதன்முதலில் பதிவானது 1976இல். 1980களில் எய்ட்ஸ் வந்தபிறகுதான் மருத்துவ உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு ஒன்று இரண்டு வாரம் வயிற்றுப்போக்கு, பிறகு தானாகவே சரியாகும். எதிர்ப்பு சக்தி இல்லாதவருக்கு நிற்காத பேதி.

இது வெளியே வரும்போது கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும். அளவு 4 முதல் 6 மைக்ரான், நம்ம ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. பத்து முட்டை உள்ளே போனாலே நோய் வரலாம். நோயாளி ஒருமுறை மலம் கழிக்கும்போது கோடிக்கணக்கில் வெளியேறும். நீச்சல் குளத்தில் போடும் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அதாவது குடிநீரில் நாம் போடும் குளோரின் இதற்கு ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் இதை நிறுத்த ஒரே வழி? வடிகட்டி. களிமண் துகளோடு ஒட்டிக் கட்டியாகி மணலில் மாட்டினால் உண்டு. களிமண் தப்பிப் போகிறது என்றால் இதுவும் தப்பிப் போகிறது என்று அர்த்தம்.

1.7 என்ற எண்ணுக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா? அழகு, ருசி, துணியில் படியும் கறை இதெல்லாம் அங்கே பிரச்சினையே இல்லை. "கதவு திறந்து கிடக்கு" என்று அந்த எண் சொல்லிக்கொண்டிருந்தது.

*

இந்த நோய் உள்ளே போய் அறிகுறி காட்ட சராசரியாக ஒரு வாரம் ஆகும். கணக்கு சரியாக வருகிறது பாருங்க.

ஏப்ரல் 5, திங்கட்கிழமை. நகரின் சுகாதாரத் துறைக்குத் தகவல்கள் வரத் தொடங்கின. மருத்துவமனைகளில் ஊழியர்கள் வேலைக்கு வரவில்லை. பள்ளிகளில் பிள்ளைகளும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. மருந்துக்கடைகளில் பேதி மாத்திரை தீர்ந்துபோனது. இதைக் கேட்டால் உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். பொது சுகாதாரத்தில் இது பெரிய தடயம். நோயாளி மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் மருந்துக்கடைக்குத்தான் போகிறார். ஊரில் என்ன நோய் ஓடுகிறது என்பது மருந்துக்கடைக்காரருக்கு எங்களுக்கு முன்பே தெரியும்.

மலத்தைப் பரிசோதித்தார்கள். வழக்கமான பாக்டீரியா எதுவும் பெரிதாகச் சிக்கவில்லை. கிரிப்டோஸ்போரிடியத்தைத் தேடு என்று தனியாகச் சொன்னால்தான் லேபில் தேடுவார்கள். காசநோய்க்குச் சளியில் பார்க்கிறோமே, அதே மாதிரி சாயம் போட்டுப் பார்க்கணும். சிவப்பாகத் தெரியும். ஏப்ரல் 7ஆம் தேதி இரண்டு ஆய்வகங்கள் ஏழு பெரியவர்களின் மாதிரிகளில் அதைப் பார்த்துவிட்டன.

அன்று மாலையே மேயர் ஜான் நார்க்விஸ்ட் மக்களுக்கு அறிவித்தார்: தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். ஏப்ரல் 9ஆம் தேதி ஹோவர்டு நிலையம் மூடப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் மதிப்பு வருகிற இடம் இதுதான். ஏரியில் அந்தக் கிருமி இருக்கிறது என்று அன்று எவரும் நிரூபித்திருக்கவில்லை. ஏழே ஏழு ரிப்போர்ட். முழு ஆதாரம் வரட்டும், கமிட்டி போடலாம், பீதியைக் கிளப்ப வேண்டாம் என்று இன்னும் நாலு நாள் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை.

*

ஆதாரம் பிறகு வந்தது. வந்த விதம் ஒரு துப்பறியும் கதை.

முதல் சாட்சி, முதியோர் இல்லங்கள். அங்கே இருப்பவர்கள் வெளியே போவதில்லை, அதே இடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தெற்கு நிலையத்தின் தண்ணீர் போன இல்லங்களில் வயிற்றுப்போக்கு, வடக்கே மிகக் குறைவு. தெற்கிலேயே சொந்தக் கிணறு வைத்திருந்த ஓர் இல்லத்தில் நோயே இல்லை. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, சொந்தக் கிணறு வைத்திருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பித்ததை ஜான் ஸ்னோ குறித்துவைத்தார். 139 வருஷம் கழித்து அதே தடயம்.

இரண்டாவது சாட்சி, ஐஸ்கட்டி. பிரச்சினை தெரிவதற்குள் குழாய்த் தண்ணீர் ஓடிப்போய்விட்டது. மார்ச் 25இல் வந்த தண்ணீரை ஏப்ரலில் எங்கே போய்த் தேடுவது? தெற்குப் பகுதியில் அந்தத் தண்ணீரில் செய்த ஐஸ்கட்டிகள் கிடைத்தன. ஒன்று மார்ச் 25இல் செய்தது, இன்னொன்று ஏப்ரல் 9இல் செய்தது. உருக்கி வடிகட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் கிரிப்டோஸ்போரிடியம்.

மூன்றாவது, தொலைபேசி. ஆய்வகத்தில் உறுதியான நோயாளிகள் சில நூறு பேர்தான். உண்மையில் எத்தனை பேர்? குத்துமதிப்பாகத் தொலைபேசி எண்களைச் சுழற்றி, வீட்டில் யாருக்காவது தண்ணீராகப் பேதி ஆனதா என்று கேட்டார்கள். 16 லட்சம் பேர் வாழும் அந்தப் பகுதியில் 26 சதவீதம் பேருக்கு ஆகியிருந்தது. எப்போதும் இருக்கிற சாதாரண வயிற்றுப்போக்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 4,03,000. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பது மட்டும்தான் நோய் என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கணும்.

*

பெரும்பாலானோர் பிழைத்தார்கள். சில நாள் பேதி, பிறகு எழுந்து வேலைக்குப் போனார்கள்.

எல்லோரும் இல்லை. அடுத்த இரண்டு வருஷங்களில் மில்வாக்கி பகுதியில் இறப்புச் சான்றிதழில் இந்த நோயின் பெயர் இருந்தவர்கள் 54 பேர். அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் 4 பேர். இறந்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் எய்ட்ஸ் நோயாளிகள்.

அது 1993. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு உருப்படியான மருந்து இல்லை. இன்றும் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவரிடம் அதைத் தனியாக விரட்டும் மருந்து நம்மிடம் இல்லை, எதிர்ப்பு சக்தியை மீட்பதுதான் சிகிச்சை. ஏற்கெனவே சமூகம் ஒதுக்கிவைத்த மனிதர்கள், வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஊருக்கு ஒரு வாரப் பேதியாகப் போனது அவர்களுக்கு உயிரைப் பறித்தது.

குடிநீரின் தரத்தை ஊரில் மிகத் திடகாத்திரமான ஆளை வைத்து முடிவு செய்யக்கூடாது. மிகப் பலவீனமான ஆளை வைத்து முடிவு செய்யணும்.

*

சரி, ஏரிக்குள் அதைக் கொண்டுவந்தது யார்?

எல்லோரும் கைகாட்டியது மாட்டை. பால் மாநிலம், ஆற்றின் மேல்பகுதியில் பண்ணைகள், பனி உருகும்போது சாணம் கரைந்து வரும், கன்றுக்குட்டிகளுக்கு இந்த நோய் சகஜம். இறைச்சிக்கூடங்கள் மீதும் சந்தேகம். கேட்கிறதுக்குக் கச்சிதமாக இருந்தது.

சில வருஷம் கழித்து மரபணு ஆய்வுகள் வந்தன. 1993 நோயாளிகளிடமிருந்து பாதுகாத்து வைத்திருந்த சில மாதிரிகளைப் பார்த்தார்கள். அதிலிருந்தது மாட்டு வகை இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகை. 2002இல் அதற்கு கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் என்று தனிப் பெயரே வைத்தார்கள். மாதிரிகள் கொஞ்சம்தான். ஆனாலும் அவை காட்டும் திசை தெளிவு: மனிதச் சாக்கடை.

மண்ணை வயல் கொடுத்தது, கிருமியை ஊரே கொடுத்தது. கண்ணுக்குத் தெரிந்த பழுப்பு நிறத்துக்குப் பின்னால், பட்டியலில் ஐந்தாவதாகச் சொன்னேனே, நிறமும் நாற்றமும் இல்லாமல் கலந்துபோகிற அந்தக் காரணம் ஒளிந்திருந்தது. 1888இல் ஆற்றிலிருந்து ஏரிக்குத் தள்ளிய அதே சமாச்சாரம்.

மருத்துவச் செலவும் வேலை இழப்பும் சேர்த்து 9 கோடியே 62 லட்சம் டாலர் நஷ்டம் என்று பின்னால் கணக்கிட்டார்கள். மில்வாக்கி அதன்பிறகு பெரும் செலவு செய்து, தண்ணீர் எடுக்கும் குழாயை ஏரிக்குள் இன்னும் தள்ளிக் கொண்டுபோனது. குளோரினுக்குச் சாகாத இந்தக் கிருமியைக் கொல்ல 1998இல் ஓசோன் சுத்திகரிப்பு வந்தது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் தொடர்ச்சியான கலங்கல் அளவீடு வந்தது. அமெரிக்க அரசும் விதியை இறுக்கியது: வடிகட்டிய தண்ணீரின் மாதிரிகளில் 95 சதவீதம் 0.3 என்.டி.யு.வுக்குள் இருக்கணும், எந்த நேரத்திலும் 1ஐத் தாண்டக் கூடாது.

*

இனி நம்ம கதை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி, ஐ.எஸ். 10500, கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் இருக்கணும் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாதபட்சத்தில் 5 வரை அனுமதி. 1.7இல் ஒரு பெருநகரம் விழுந்ததைப் பார்த்தோம். அதற்காக 5 இருந்தால் உடனே ஆபத்து என்று அர்த்தம் இல்லை. அந்த ஏரியில் அன்று என்ன கலந்திருந்தது என்பதைப் பொறுத்தது. ஆனால் டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் 1.7 நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெளிவாகத்தான் தெரியும். கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் கலங்கி வருகிறது என்றால், அது மில்வாக்கியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நீங்க செய்ய வேண்டியது:

1. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பதும் சுத்தப்படுத்துவதும் வேறு வேறு. தேத்தாங்கொட்டையும் படிகாரமும் தெளிய வைக்கும். மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி, பிறகு கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் நின்றால் போதும், கிரிப்டோஸ்போரிடியம் உட்படச் செத்துவிடும்.

2. வீட்டில் புற ஊதாக் கதிர் வடிகட்டி இருந்தால், அது தெளிந்த தண்ணீரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கலங்கல் கதிரை மறைத்துவிடும்.

3. "குளோரின் போட்டாச்சு" என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கலங்கிய தண்ணீரில் குளோரினின் பெரும்பகுதி அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். குளோரின் தேவைதான், காலராவையும் டைஃபாய்டையும் தடுப்பது அதுதான். ஆனால் அது மட்டுமே போதாது.

4. வீட்டில் கைக்குழந்தை, கீமோதெரபி எடுப்பவர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர் இருந்தால், தண்ணீர் எப்படித் தெரிந்தாலும் கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

5. பேதி ஆகிறவருக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். அதை மறக்காதீங்க.

6. தெருவில் நாலு வீட்டில் ஒரே வாரத்தில் பேதி என்றால், அவரவர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் சொல்லுங்கள். "தண்ணியும் கலங்கி வந்துச்சு, இந்தத் தேதியில வந்துச்சு" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதி எங்களுக்குத் தங்கம் மாதிரி.

கடைசியா ஒண்ணு. உங்கள் ஊர் ஏரி கலங்கிக் கிடந்தால், கரையில் நின்று "மழை பெஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த ஓடை வழியா வருது, அந்த ஓடையில் மேலே எந்தத் தெருவின் சாக்கடை சேருது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். மில்வாக்கியில் அதைப் பார்க்க அவர்களுக்கு மரபணு ஆய்வு தேவைப்பட்டது. நம்மூரில் பல இடங்களில் வெறும் கண்ணே போதும்.

வீட்டில் தண்ணீர் பிடிப்பவர் யாரோ அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.